ஒரே மடவையில் சினையும் விந்துப்பையும்: உப்பனாற்று மீனுக்கு என்ன ஆச்சு?

கெடிலக்கரையான் | ஞாயிறு, இரவு 9.10

என் அம்மா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுப்பவர். ஏலம் முடிந்து அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் மதியம் வரை கை நிற்காது. இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. எந்த மீனைப் பார்த்தும் அவர் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்று காலை ஒருவர் உப்பனாற்று மடவை ஐந்து வாங்கி வந்து வெட்டக் கொடுத்திருக்கிறார். நான்கு வழக்கம் போல. ஐந்தாவதின் வயிற்றைக் கீறினால் ஒரு பக்கம் மஞ்சள் சினை. மறுபக்கம் அதே நீளத்துக்கு வெள்ளையாக, வழவழவென்று, ஆண் மீனில் இருக்குமே அது. அம்மா இரண்டையும் விரலால் பிதுக்கிப் பார்த்தாராம். ஒன்றில் முட்டை மணி மணியாக வந்தது, இன்னொன்றில் பால் மாதிரி கசிந்தது. வாங்கியவர் முகம் சுளித்து, "இதை நீங்களே வச்சுக்கங்கம்மா" என்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் கசங்கிவிட்டது, படத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை. மீனை கேரி பேக்கில் சுற்றி ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆற்றங்கரையில் என்னென்ன ஆலைகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நேராகவே கேட்கிறேன்: கழிவு நீரால் ஆண் மீன் பெண்ணாக மாறுமா?

பாண்டிக்காரன் | ஞாயிறு, இரவு 9.24

ஒரே விலையில் டூ இன் ஒன். வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் இல்லை.

சொத்திக்குப்பம் பையன் | ஞாயிறு, இரவு 9.41

இதில் பயப்பட என்ன இருக்கிறது அண்ணே? கொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருக்கும்போது எல்லாம் ஆண், பெருத்துவிட்டால் பெண். எங்கள் தாத்தா காலத்திலேயே தெரிந்த சங்கதி. கெளுத்தி ஆணின் வாயைத் திறந்தால் கோலிக்குண்டு அளவுக்கு முட்டை இருக்கும். முதல் தடவை பார்ப்பவன் அதையும் ரசாயனம் என்றுதான் சொல்வான். பெண் இட்ட முட்டையை ஆண் வாயில் வைத்துக் காக்கிறது, அவ்வளவுதான். குஞ்சு பொரியும் வரை தின்னவும் தின்னாது, பாவம்.

இன்னொன்று. மீன் கெட்டுவிட்டது, ஆறு கெட்டுவிட்டது என்று போனில் நான்கு பேர் அனுப்பினால் மறுநாள் ஏலத்தில் எங்கள் கூடைக்கு விலை இறங்கும். எழுதுவதற்கு முன் அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 10.35

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். இப்போது வேறு ஊரில், மனிதத் திசுவைச் சீவி ஸ்லைடு போடும் வேலை. மீனைத் தொட்டு நாளாகிவிட்டது, ஆனால் இந்த விஷயம் இன்னும் மறக்கவில்லை.

சொத்திக்குப்பம் தம்பி சொன்னதில் பாதி முழுக்கச் சரி. கொடுவா ஆணாக முதிர்ந்து சில வருஷம் கழித்துப் பெண்ணாகும். காலாவும் அந்த வகை. களவா அதற்கு நேர் எதிர், முதலில் பெண், பெருத்தபின் ஆண். கிளி மீனும் அப்படித்தான். இவற்றில் மாறும் பருவத்தில் இருக்கும் மீனை அறுத்தால் இரண்டு திசுவும் கலந்தே தெரியும். அதில் கோளாறு எதுவும் இல்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ல் கொடுவாயைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. தாய் மீன் வேண்டுமென்றால் ஆணைப் பிடித்து வளர்த்து அது பெண்ணாகும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய மீனாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு.

ஆனால் மடவை அந்தச் சாதி இல்லை. ஆண் என்றால் சாகும்வரை ஆண்தான். அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு அது வித்தியாசமாகப் பட்டிருக்கிறது.

அதற்காக உடனே ஆலைக் கதவைத் தட்ட முடியாது. இயற்கையிலேயே எப்போதாவது ஒன்று இப்படித் தவறிப் பிறக்கும். கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் இருபால் மீன் கிடைத்ததை நம் நாட்டு மீன்வள ஆய்வாளர்கள் 1950களின் கடைசியிலும் 60களிலும் ஒற்றைச் சம்பவமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கடலூரில் தொழிற்பேட்டை வருவதற்கு வெகு முன்னால்.

கெடிலக்கரையான் | ஞாயிறு, இரவு 10.50

அப்படியென்றால் இதுவும் ஒற்றைச் சம்பவமா, இல்லையா என்று எப்படிச் சொல்வது அக்கா?

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 11.20

ஒரு மீனை வைத்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் எப்படிச் சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள், அது இந்தத் துறையில் மூத்த கதை.

1970களின் கடைசியில், லண்டன் பக்கம் லீ என்ற ஆற்றில் தூண்டில் போடுபவர்கள் ரோச் என்ற மீனில் சில ஆணும் பெண்ணும் கலந்தாற்போல இருப்பதைக் கவனித்தார்கள். மீன் பிடித்தவர் கண்ணில்தான் முதலில் பட்டது, உங்கள் அம்மாவுக்குப் பட்ட மாதிரி. ஆய்வாளர்கள் கழிவு நீர் நிலையங்களின் வாய்க்காலில் ஆண் மீன்களைக் கூண்டில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். சில வாரத்தில் அந்த ஆண்களின் ரத்தத்தில் விட்டலோஜெனின் ஏறியது.

விட்டலோஜெனின் என்றால் முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப் புரதம். பெண் மீனின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும்போது ஈரல் இதைச் செய்து ரத்தத்தில் விடும், சினை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆணின் ஈரலுக்கும் இதைச் செய்யத் தெரியும், சொல்ல ஆள் இல்லாததால் செய்வதில்லை. ஆண் மீனின் ரத்தத்தில் அது ஏறியிருந்தால், எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜனோ அதைப் போல நடிக்கும் பொருளோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

1998ல் ஆறு ஆறாக ரோச் பிடித்து விந்துப்பையைச் சீவிப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. கழிவு நீர் கலக்கும் இடத்துக்குக் கீழே விந்துப்பைக்குள் முட்டைச் செல் இருந்த ஆண் மீன்கள் ஏராளம். மேலே குறைவு. சில இடங்களில் அகப்பட்ட ஆண்கள் அத்தனையும் அப்படி இருந்தன. ஆனால் எதிர்பார்த்த மாதிரி ஆலை ரசாயனம் பெரிய குற்றவாளியாக அகப்படவில்லை. சுத்திகரித்த வீட்டுச் சாக்கடை நீரில் இருந்த ஹார்மோன்தான் முக்கியமான காரணம். பெண்கள் உடம்பிலிருந்து இயல்பாக வெளியேறுவது ஒரு பங்கு, கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் இன்னொரு பங்கு. சில ஆறுகளில் மட்டும் கம்பளி ஆலைகள் சலவைக்குப் பயன்படுத்திய சோப்பிலிருந்து வரும் நோனைல்பீனால்.

ஆலைக்காரன் | திங்கள், காலை 6.15

இரவு ஷிப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன். எந்த ஆலை என்று சொல்லப் போவதில்லை.

நுண்ணோக்கி அக்கா கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். எது நடந்தாலும் எங்கள் புகைபோக்கியைக் காட்டுவது ஊர் வழக்கம். கெடிலம் பாலத்தில் நின்று குனிந்து பாருங்கள், சாக்கடை எங்கே விழுகிறது என்று தெரியும். அதற்கு எந்த முதலாளியும் காரணம் இல்லை, நாம் எல்லோரும்தான்.

பழைய வலை | திங்கள், காலை 7.02

தம்பி ஆலைக்காரா, சாக்கடை எங்கள் காலத்திலும் விழுந்தது. ஆற்றில் இறங்கினால் கால் அரிப்பது 80க்குப் பிறகு வந்தது. ஒரு நாள் காலையில் கரையோரம் முழுக்க மடவையும் கிழங்கானும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் "காற்று இல்லாமல் செத்திருக்கும்" என்றுதான் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று எழுத மாட்டேன், வம்பு.

கெடிலக்கரையான் | திங்கள், காலை 8.30

கடலூர் சிப்காட் பகுதி நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்று என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009ல் பட்டியல் போட்டது. நூற்றுக்கு 70ஐத் தாண்டினால் மிக மோசம், கடலூருக்கு 77.45. இது நான் சொல்வதில்லை, அரசாங்கத்தின் கணக்கு.

ஆலைக்காரன் | திங்கள், காலை 8.47

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பெண் காற்று, நீர், நிலம் எல்லாம் சேர்த்துப் போட்டது. மடவையின் விந்துப்பையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வெளியே போகும் தண்ணீரில் நாங்கள் அன்றாடம் பார்ப்பது அமிலத்தன்மை, கரைந்த உப்பு, பிஓடி, சிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவுகள்) இந்த மாதிரி. இவை எல்லாம் எல்லைக்குள் இருந்தால் பச்சை டிக். அந்தத் தண்ணீர் ஒரு மீனின் உடம்பில் ஹார்மோன் மாதிரி நடிக்குமா என்று பார்க்கும் சோதனையை எங்கள் லேபில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

நுண்ணோக்கி | திங்கள், மதியம் 1.15

ஆலைக்காரர் சொன்ன இந்த விஷயம் முக்கியம். சிஓடி என்பது லிட்டருக்கு மில்லிகிராமில் அளக்கும் சமாச்சாரம். ஹார்மோன் வேலை செய்வது லிட்டருக்கு நானோகிராமில். மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக்காலம் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுக்கு இருக்கும்படி கலந்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்று ஒரு பொடி மீன். ஆண்களின் உடம்பில் விட்டலோஜெனின் தாறுமாறாக ஏறியது, விந்துப்பை வளரவில்லை, முட்டைச் செல் வந்தது. சீக்கிரமே அந்த ஏரியில் அந்த மீன் இல்லாமலே போகும் நிலை. 2007ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலப்பதை நிறுத்திச் சில வருஷம் கழித்து மீன் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அளவு புரிய வேண்டுமென்றால் நம் வீராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அந்த ஏரி முழுவதையும் லிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கொண்டுவர எவ்வளவு தூள் வேண்டும் தெரியுமா? சுமார் 200 கிராம். ஒரு பிஸ்கட் பாக்கெட் எடை.

பாண்டிக்காரன் | திங்கள், மதியம் 1.32

சரி, இனி சிரிக்கவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வருகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். இங்கிலாந்து மாதிரி நம் ஊரில் யார் தினமும் மாத்திரை போடுகிறார்கள்? இங்கே இரண்டு பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துவிடுகிறார்கள். அந்தக் கதை இங்கே ஒட்டுமா?

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9.05

நல்ல கேள்வி. அப்படியே ஒட்டாது. மாத்திரையின் பங்கு இங்கே குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாத்திரை போடாவிட்டாலும் மனிதரும் மாடும் இயற்கை ஈஸ்ட்ரோஜனை வெளியே விட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், கர்ப்பிணிகள் பல மடங்கு. அங்கே சுத்திகரித்த நீரிலேயே மிச்சம் இருந்தது. சுத்திகரிக்காத சாக்கடை நேராக ஆற்றில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மற்றவை. காவேரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் நோனைல்பீனாலும் பிஸ்பீனால் ஏயும் இருப்பதை அளந்து 2014ல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளாறு நம் பரங்கிப்பேட்டையில்தான் கடலில் சேர்கிறது. முதலாவது சலவைப் பொருளிலிருந்தும் சாயத் தொழிலிலிருந்தும் வரும், இரண்டாவது பிளாஸ்டிக்கிலிருந்து. இரண்டுமே ஈஸ்ட்ரோஜனாக நடிப்பவை, நிஜ ஹார்மோனைவிட ரொம்பப் பலவீனமாக. நோனைல்பீனால் தண்ணீரில் நிற்க விரும்பாது, சேற்றில் ஒட்டிக்கொள்ளும்.

மடவை எதைத் தின்கிறது? அம்மாவைக் கேளுங்கள்.

கெடிலக்கரையான் | திங்கள், இரவு 9.20

கேட்டேன். "சேறு" என்றார். வயிற்றில் ஓர் உருண்டை கெட்டியாக இருக்கும், அதை அறுத்தால் கறுப்புச் சேறும் மணலும்தான் இருக்குமாம். வெட்டியதும் அதைத்தான் முதலில் எறிவாராம், இல்லாவிட்டால் குழம்பில் சேற்று வாசனை வரும் என்கிறார்.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9.48

அதுதான். மேல்சேற்றை அள்ளி விழுங்கி, அந்த உருண்டை இரைப்பையில் மணலோடு அரைத்து, அதில் உள்ள பாசியையும் மக்கலையும் எடுத்துக்கொள்ளும் மீன். சேற்றில் ஒட்டிய எல்லாம் அதன் வயிறு வழியாகப் போய்வரும்.

இன்னொரு சங்கதி எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. பல மீன்கள் பொரித்த சில வாரத்திலேயே ஆண், பெண் என்று பிரிந்துவிடும். மடவையில் அந்தப் பிரிவே ஏறக்குறைய ஒரு வயதில்தான் தொடங்குகிறது. பெரிய மடவை மழைக்காலத்தில் சினை பிடித்துக் கடலுக்குள் போய் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வந்து அங்கேயே வளரும். அதாவது ஆணா பெண்ணா என்று முடிவாகும் அந்தப் பருவத்தில் அது கடலில் இல்லை, உப்பனாற்றுச் சேற்றில் இருக்கிறது. முதிர்ந்த ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் போனால் விட்டலோஜெனின் ஏறும், நிறுத்தினால் இறங்கும். பிரியும் பருவத்தில் போனால் உறுப்பே மாறி அமையும், அது பிறகு சரியாவது கடினம்.

மடவைக் குடும்பத்திலேயே இதற்கு நேரடிச் சாட்சி உண்டு. வட ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில், கெர்னிகா என்ற ஊரின் கழிவு நீர் நிலையத்துக்குக் கீழே உள்ள கழிமுகத்தில், அங்குள்ள தடித்த உதட்டு மடவையின் ஆண்களில் விந்துப்பைக்குள் முட்டைச் செல் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

சொத்திக்குப்பம் பையன் | செவ்வாய், காலை 5.10

கழிமுகம் சரி அக்கா. நாங்கள் போவது கடலுக்கு. அவ்வளவு தண்ணீரில் இதெல்லாம் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடாதா?

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 7.40

பெரும்பாலும் கரைந்துதான் போகும் தம்பி. அதனால்தான் கடல் மீனில் கிடைத்த ஆதாரம் ஆற்று மீனைவிடக் குறைவு. கிடைத்ததும் அநேகமாகக் கரையோரம், துறைமுகம், அடித்தரையை விட்டு நகராத மீன். இங்கிலாந்தின் டைன், மெர்சி கழிமுகங்களில் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன், நம் நாக்கு மீன் மாதிரி தரையில் கிடப்பது. அதன் ஆண்களில் விட்டலோஜெனின் ஏறியிருந்தது, சிலவற்றில் முட்டைச் செல்லும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கடலில் டிடிடி என்ற பூச்சிமருந்து கலந்த கழிவு வருஷக்கணக்காக விழுந்த இடத்தில் வெள்ளைக் குரோக்கர் என்ற மீனின் பெண்கள் சரியாக முட்டையிடாததை 1980களில் கண்டார்கள். கோளாறு என்றாலே ஆண் பெண்ணாவது என்று நினைத்துக்கொள்கிறோம். முட்டை குறைவது, பருவம் தப்புவது, முட்டை பொரிக்காமல் போவது எல்லாம் கோளாறுதான். அறுத்துப் பார்த்தால் தெரியாது என்பதால் யாரும் பேசுவதில்லை.

ஆழ்கடலிலும் இல்லாமல் இல்லை. மத்தியதரைக் கடலில் வாள்மீன் ஆண்களில் முட்டைச் செல் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் பக்கம் பிஸ்கே விரிகுடாவின் ஆழத்தில் கறுப்பு வாளை மாதிரி ஒரு மீனிலும் கண்டு 2015ல் எழுதினார்கள். அதற்குக் காரணம் ரசாயனம்தான் என்று எழுதியவர்களே சொல்லவில்லை. அந்த மீனுக்கு அது இயல்பாகவே இருக்கலாம்.

எல்லோருக்கும் இன்னொரு எச்சரிக்கை. புழுவும் இதே வேலையைச் செய்யும். சில மீன்களின் சினைக்குள் சிவப்பு நூல் மாதிரி புழு குடியிருந்து சினையை நாசமாக்கும். நண்டில் இதைவிட வேடிக்கை: சாக்குலினா என்ற ஒட்டுண்ணி ஆண் நண்டுக்குள் வேர்விட்டால், அதன் குறுகிய வயிற்று மடல் பெண் நண்டுடையது போல அகன்றுவிடும். ஒட்டுண்ணியின் முட்டைப் பையைத் தன் முட்டை என்று நினைத்து அந்த ஆண் அதைக் காத்துக்கொண்டு திரியும்.

சொத்திக்குப்பம் பையன் | செவ்வாய், காலை 8.02

அந்த நண்டை நான் பார்த்திருக்கிறேன்! மடலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கட்டி. முட்டை நண்டு என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்தேன், அமுக்கினால் முட்டை மாதிரி உதிரவில்லை. வியாபாரி வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராசாப்பேட்டை ராசாத்தி | செவ்வாய், காலை 11.15

நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என் மகள் ஆறு மாதக் கர்ப்பம். வாரம் மூன்று நாள் மீன் குழம்பு. கொடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 1.05

கொடுங்கள் அக்கா. மீனின் உடம்பை மாற்றும் அளவு வேறு, மனிதரைத் தொடும் அளவு வேறு. ஒரு கருத்தடை மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கனடா ஏரித் தண்ணீரில் 6,000 லிட்டரில் இருந்ததற்குச் சமம். மீன் அதற்குள்ளேயே இரவு பகலாகச் செவுளால் மூச்சு விடுகிறது, நாம் இரண்டு துண்டு தின்கிறோம்.

கர்ப்பிணிக்கு நான் குறைக்கச் சொல்வது பெரிய சுறா, வாள்மீன் மாதிரி வேட்டை மீன்களை, அதுவும் பாதரசத்துக்காக. நெத்திலி, மத்தி, கிழங்கான், சங்கரா இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஆலைக் கழிவு விழும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தது என்று தெரிந்தால் மட்டும் அதை வாங்க வேண்டாம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய வலை | செவ்வாய், மாலை 6.30

பாப்பா, நீ சொல்வது எல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் "இருக்கலாம், இருக்கலாம்" என்கிறாயே. இதுதான் காரணம் என்று அடித்துச் சொன்ன ஒரு வழக்காவது உண்டா?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 8.20

உண்டு ஐயா, ஆனால் அது மீன் இல்லை, நத்தை. படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அடித்த பெயிண்டில் டிரைபியூட்டைல்டின் என்று ஒன்று கலந்தார்கள். பெண் கடல் நத்தைக்கு ஆண் குறி முளைத்தது. சில இனங்களில் முட்டை வெளியேறும் வழியே அடைபட்டு, முட்டையோடு செத்தது. லிட்டருக்கு 1 நானோகிராம் போதும். இங்கிலாந்தின் பிளிமத் பக்கம் 1980களில் இதைப் பிடித்தார்கள். படகுத் துறைக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. தொட்டியில் நல்ல நத்தையை விட்டு அந்தப் பொருளைக் கொடுத்தால் அதே கோளாறு வந்தது. பிரான்ஸ் 1982ல் சின்னப் படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தது, இங்கிலாந்து 1987ல். தடைக்குப் பிறகு நத்தை மெல்லத் திரும்பியது. 2008ல் உலகம் முழுக்க கப்பல்களுக்கும் தடை வந்தது. நம் நாட்டில் கோவாவின் மார்மகோவா துறைமுக நத்தையிலும் இந்தக் கோளாறைப் பார்த்து 1990களின் கடைசியில் எழுதியிருக்கிறார்கள்.

பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு, தொட்டியில் கொடுத்தால் வருகிறது, நிறுத்தினால் போகிறது. இந்த நான்கும் உப்பனாற்று மடவைக்கு இருந்தால் நானும் அடித்துச் சொல்வேன். இப்போது கையில் இருப்பது ஃப்ரீசரில் ஒரு மீன்.

அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கெடிலக்கரையான் கோபித்துக்கொள்ளக் கூடாது. உறைய வைத்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும். ஸ்லைடு போட்டால் கந்தல்தான் தெரியும். அதோடு ரசாயனம் அளக்க வேண்டிய சதையைக் கேரி பேக்கில் வைக்கக் கூடாது, அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்தே சில பொருள்கள் மீனுக்கு ஏறும். அலுமினியத் தாளில் சுற்றியிருக்க வேண்டும்.

கெடிலக்கரையான் | செவ்வாய், இரவு 8.41

போச்சு. நல்ல மனசோடு செய்த இரண்டுமே தப்பா?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 8.55

யாருக்குத் தெரியும் தம்பி, நானும் படிக்கும் காலத்தில் இதே தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மீனை எறிய வேண்டாம், என்ன இனம் என்று உறுதி செய்யவாவது உதவும்.

அடுத்தது கிடைத்தால் சினையையும் விந்துப்பையையும் உடனே 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம். அதைவிட முக்கியம் சரியாக இருக்கும் மீனையும் எண்ணுவது. பத்தில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா என்று தெரியாமல் ஒன்றும் பேச முடியாது. அம்மா மாதிரி தினமும் நூற்றுக்கணக்கில் வயிறு கீறுபவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. எந்த ஆற்று மடவை, ஆணா, பெண்ணா, எத்தனை நீளம் என்று ஒரு நோட்டில் கோடு போட்டால் போதும். உப்பனாற்று மீனைத் தனியாகவும், வெள்ளாற்று மீனைத் தனியாகவும்.

ஆலைக்காரன் | புதன், காலை 6.20

ஃபார்மலின் நான் வாங்கித் தருகிறேன். எங்கிருந்து என்று கேட்க வேண்டாம், கடையில் காசு கொடுத்துத்தான்.

கெடிலக்கரையான் | புதன், மதியம் 2.30

அம்மாவிடம் சொன்னேன். நோட்டுக்குச் சரி என்றார். ஃபார்மலின் என்றதும் அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் இடத்துல அந்த பாட்டில் இருக்கறத எவனாவது பார்த்தா என்ன சொல்லுவான்? மீன்ல மருந்து கலக்குறான்னு சொல்லுவான். 2018ல பட்டது போதாதா?"

அந்த வருஷம் வெளியூர் மீனில் ஃபார்மலின் என்று டிவியில் ஓடி, இங்கே அன்று காலை கரையேறிய மீனையே வாங்க ஆளில்லாமல் கூடையோடு திரும்பி வந்தவர் அவர்.

சொத்திக்குப்பம் பையன் | புதன், மதியம் 2.44

அம்மா சொல்வதுதான் சரி. பாட்டிலை ஹார்பருக்குள் கொண்டுவராதீர்கள் அண்ணே. ஐஸில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய் அங்கே போட்டால் ஆகாதா அக்கா?

நுண்ணோக்கி | புதன், மாலை 5.10

ஆகும். உறையக் கூடாது, ஐஸ் மேல் அலுமினியத் தாளில் சுற்றி வைத்து மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டால் பாதகமில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

கெடிலக்கரையான் | மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9.30

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா என்று தெரியவில்லை. நோட்டில் ஆறு பக்கம் நிரம்பிவிட்டது. அப்படி இரண்டும் கலந்த இரண்டாவது மடவை இன்னும் வரவில்லை. சொத்திக்குப்பம் தம்பி வெள்ளாற்றுப் பக்கம் பிடித்ததைத் தனிக் கூடையில் கொண்டு வந்து தருகிறார், காசு வாங்குவதில்லை, பதிலுக்கு அம்மா அவர் வீட்டு மீனைச் சும்மா வெட்டிக் கொடுக்கிறார்.

அம்மாவுக்கு எழுத வராது. மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெண்ணுக்குப் புள்ளி, ஆணுக்குக் கோடு, அவரே வைத்துக்கொண்டார். மூன்றாவது கட்டத்துக்கு என்ன அடையாளம் என்று கேட்டார். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஃபார்மலின் பாட்டில் பரணில் இருக்கிறது, மூடி திறக்கவில்லை.